கணினிக் கடிகாரத்தைத் திருப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிப் பக்கக் கேள்வி பதிலில், லினக்ஸ் கணினி தவறான நேரம் காட்டினால் டெர்மினலைத் திறந்து ‘டேட்’ கட்டளையோடு சரியான நேரத்தைத் தட்டிவிட்டால் போதும் என்று பதில் வந்திருந்தது. சொந்த உபயோகக் கணினிக்கு அது பெரும்பாலும் போதும்தான். ஆனால் அந்தப் பக்கத்தை சர்வர் பார்த்துக்கொள்பவர்களும் படிக்கிறார்கள். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் அந்த ஒரு வரியை நம்பிக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால், வரும் சிக்கலை அவிழ்க்க நாள் கணக்காகும். அதனால் விட்டுப்போனதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டும். டேட் என்று மட்டும் தட்டினால் தேதி, மணி, நேர மண்டலம் மூன்றும் வரும். இதற்கு ரூட் உரிமை, அதாவது நிர்வாகி உரிமை, வேண்டாம். அடுத்து ‘டேட் -யு’ என்று தட்டுங்கள். அதே நொடியை உலகப் பொது நேரமான யூடிசியில் காட்டும். நம்பகமான வேறொரு கருவியில் யூடிசியைப் பார்த்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கடிகாரத்தில் குறையே இல்லை. நேர மண்டலம்தான் தவறாக வைக்கப்பட்டிருக்கிறது. பல புகார்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் உள்ளே வைத்திருப்பது மணியும் நிமிடமும் அல்ல. 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவு தொடங்கி, உலக நேரத்தில் அவ்வப்போது கூட்டப்படும் லீப் நொடிகளைச் சேர்க்காமல் எண்ணிய நொடிகளின் தொகை மட்டுமே அங்கே இருக்கிறது. அதை உள்ளூர் மணியாக மாற்றுவது திரையில் காட்டும் நேரத்தில் நடக்கும் வேலை. மண்டலம் தவறாக இருக்கும்போது, திரையில் மணி சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடிகாரத்தை மாற்றினால், உள்ளே இருக்கும் நொடிக் கணக்கு மணிக் கணக்கில் பிசகிவிடும். பிறகு கோப்புகளின் நேரம், பாதுகாப்புச் சான்றிதழ் சோதனை, அனுப்பும் மின்னஞ்சலின் நேரம் எல்லாமே அந்த அளவு தள்ளிப்போகும். செய்ய வேண்டியது ‘டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன்’ என்ற கட்டளையோடு சரியான மண்டலத்தின் பெயரைக் கொடுப்பது மட்டுமே. ஒரே கணினியில் ஒருவருக்கு மட்டும் மணி தப்பாகத் தெரிந்தால், அவருக்கு மட்டும் மண்டலத்தை வைக்கும் டிஇசட் என்ற சூழல் மாறியைப் பாருங்கள்.

யூடிசியே தவறு என்றால் அடுத்த கேள்வி, எந்தக் கடிகாரம் தவறு என்பது. கணினியில் இரண்டு இருக்கின்றன. ஒன்று மதர்போர்டில் இருக்கும் ஆர்டிசி. மின்சாரம் இல்லாதபோதும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரியில் ஓடும். அதன் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். மற்றொன்று கர்னலின் சொந்தக் கடிகாரம். கணினி துவங்கும்போது ஆர்டிசியை ஒருமுறை படித்துக்கொண்டு, அதன்பின் தானாகவே எண்ணிக்கொண்டு போகும். டேட் கட்டளை தொடுவது இந்த இரண்டாவதை மட்டும். டேட் போட்டுச் சரிசெய்த நேரம் கணினியை அணைத்துப் போட்டதும் பழையபடி கெட்டுப்போகிறது என்றால் காரணம் இதுதான். அணைக்கும்போது ஆர்டிசியில் நேரத்தை எழுதிவைக்கும் ஏற்பாடு எல்லா லினக்ஸ் வகைகளிலும் கிடையாது. சரிசெய்த கையோடு ரூட் உரிமையில் ‘எச்டபிள்யூகிளாக் -டபிள்யூ’ கொடுத்தால் கர்னல் நேரம் ஆர்டிசிக்குப் போய்ச் சேரும். இதே கட்டளையை -எஸ் போட்டுக் கொடுத்தால் எதிர்த்திசையில், ஆர்டிசியிலிருந்து கர்னலுக்கு நகலாகும். இவை இரண்டையும் மாற்றித் தட்டினால் சரிசெய்த நேரம் அழிந்துவிடும் என்பதால் தட்டும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பிசகு எப்படி வருகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். மின்சாரத்தை முழுவதும் துண்டித்து எடுத்த பிறகு பல வருடம் பின்னே போனால் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நாளுக்கு ஒன்றிரண்டு நொடி விலகினால் அது படிகத்தின் இயல்பு. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள படிகம் நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல் விலகும். அதற்கு மருந்து டேட் அல்ல, வலைவழியே நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் நேரம் பிசகினால், பிசகின் அளவைக் கவனியுங்கள். உள்ளூர் நேரத்துக்கும் யூடிசிக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவே இருக்கும். விண்டோஸ் ஆர்டிசியில் உள்ளூர் நேரத்தை வைக்கிறது. லினக்ஸ் யூடிசியை எதிர்பார்க்கிறது. எத்தனை முறை டேட் போட்டாலும் இது தீராது. விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் பகுதியில் ரியல்டைம்இஸ்யூனிவர்சல் என்ற மதிப்பை 1 ஆக வைத்து, இரண்டையும் யூடிசிக்குக் கொண்டுவருவதே நல்லது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு இழுப்பதும் முடியும். ஆனால் கோடைக்கால நேர மாற்றம் உள்ள இடங்களில் அது வருடத்துக்கு இருமுறை தொந்தரவு தரும்.

ராஸ்பெர்ரி பை பலகைகளில் ஐந்தாம் தலைமுறைக்கு முன் ஆர்டிசியே கிடையாது. இணையம் இல்லாமல் துவக்கினால் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கும். அளவீடுகளைப் பதிவு செய்யும் வேலைக்கு வைத்திருப்பவர்கள் டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரத் தொகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம். சாதாரண அறை வெப்பத்தில் அதன் பிழை வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவுதான்.

இனி மாற்றும் முறை. எண்ணாகக் கொடுப்பதென்றால் மாதம், நாள், மணி, நிமிடம் ஒவ்வொன்றும் இரண்டு இலக்கம், பிறகு நான்கு இலக்க வருடம், புள்ளி வைத்து நொடி. 2025 மார்ச் 7, பிற்பகல் 2 மணி 5 நிமிடம் 30 நொடி என்பது 030714052025.30 ஆகும். இடையில் இடைவெளி கூடாது. ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தில் இதே பெயருள்ள கட்டளை வருடத்தை முன்னால் கேட்கும், அங்கே 202503071405.30 என்று தட்ட வேண்டும். இரண்டு வகை இயந்திரங்களையும் பார்த்துக்கொள்பவர்கள் வழுக்குகிற இடம் இது.

லினக்ஸில் ‘டேட் -எஸ்’ கொடுத்து, மேற்கோள் குறிக்குள் 2025-03-07 14:05:30 என்று எழுதுவது பாதுகாப்பானது. சாய்கோடு போட்டு 03/07/2025 என்று எழுதினால் அதை மார்ச் 7 என்றே எடுத்துக்கொள்ளும். ஜூலை 3 என்று நினைத்து எழுதியவருக்கு நான்கு மாதம் போய்விடும். இன்னொன்று, தேதியை மட்டும் எழுதி மணியை விட்டுவிட்டால் மணி அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். கடிகாரம் அந்தத் தேதியின் நள்ளிரவு 00:00:00க்குப் போய்விடும். மணியை மட்டும் எழுதினால் தேதி மாறாது.

ரூட் உரிமை இல்லாமல் தட்டினால் என்ன வரும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வரியில் அனுமதி இல்லை என்று பிழைச் செய்தி வரும். அடுத்த வரியில், நீங்கள் கேட்ட புதிய நேரம் அழகாக அச்சாகும். அந்த இரண்டாவது வரியை மட்டும் பார்த்துவிட்டு மாறிவிட்டது என்று எழுந்து போவார்கள். மாறியிருக்காது. மறுபடி வெறும் டேட் தட்டிப் பாருங்கள். நிரல்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் டாக்கர் கண்டெய்னருக்குள் ரூட்டாக இருந்தாலும் இதே பிழைதான் வரும். கண்டெய்னருக்கென்று தனிக் கடிகாரம் இல்லை, அது தாய் இயந்திரத்தினுடையது. தடையை நீக்கி அனுமதி கொடுத்தால் தாய் இயந்திரத்திலும் அதிலுள்ள எல்லாக் கண்டெய்னர்களிலும் நேரம் மாறிவிடும். வேறு தேதியில் நிரலைச் சோதிக்க வேண்டுமானால் லிப்ஃபேக்டைம் போன்ற நூலகத்தைக் கொண்டு அந்த ஒரு நிரலை மட்டும் ஏமாற்றுவதே முறை.

நேர ஒத்திசைவுச் சேவை ஓடிக்கொண்டிருந்தால் டைம்டேட்சிடிஎல் நேரத்தை மாற்ற மறுத்து, காரணத்தையும் சொல்லும். டேட் மறுக்காது, மாற்றிவிடும். பிறகு அந்தச் சேவை சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். கட்டளை வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருப்பவர்கள் ‘டைம்டேட்சிடிஎல்’ என்று மட்டும் ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும். உள்ளூர் நேரம், யூடிசி, ஆர்டிசி நேரம், மண்டலம், ஒத்திசைவு உண்டா இல்லையா, ஆர்டிசி உள்ளூர் நேரத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் ஒரே இடத்தில் வரிசையாக வரும்.

நான் இந்தக் கடிதம் எழுதியதே அடுத்த விஷயத்துக்காகத்தான். ஓடும் சர்வரில் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளுவது ஓரளவு தாங்கும். பின்னுக்குத் தள்ளுவது தாங்காது. ஒருமுறை நடந்து முடிந்த நிமிடங்கள் மறுபடியும் வரும். பதிவுக் கோப்பில் பின்னால் நடந்தது முன்னால் நடந்ததாக நிற்கும். நேரத்தை வைத்து எது புதியது என்று தீர்மானிக்கும் தரவுத்தளம் புதிய பதிவைத் தள்ளிவிட்டுப் பழையதை வைத்துக்கொள்ளலாம். நிரல்களைத் தொகுக்கும் மேக் கட்டளை, கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று எச்சரித்துவிட்டு எதைத் தொகுப்பது என்று தெரியாமல் அரைகுறையாக முடிக்கும். இரண்டு டேட் வெளியீடுகளைக் கழித்துக் கால அளவு பார்க்கும் ஸ்கிரிப்டுகளில் எதிர்மறை எண் வரும். உள்நுழைபவரைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். அதைத் தாண்டினால் யாரும் உள்நுழைய முடியாது. 30 நொடிக்கு ஒருமுறை மாறும் கடவு எண்களும் ஒத்துவராது.

சிறு பிசகுக்கு நேரத்தை ஒரேயடியாகத் தாவவிட வேண்டாம். கடிகாரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து மெல்ல இழுத்துவர வேண்டும். கர்னலின் வழக்கமான வழியில் இந்த வேக மாற்றம் பத்து லட்சத்தில் 500 பங்குக்கு மேல் போகாது. ஒரு நொடியைச் சரிசெய்ய 2,000 நொடி, அதாவது 33 நிமிடம் 20 நொடி ஆகும். ஒரு மணி நேரப் பிசகு என்றால் 83 நாளுக்கு மேல். குரோனி என்ற சேவை இதைவிட வேகமாக, இயல்பான அமைப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை இழுக்கும். ஒரு மணி நேரத்தை ஏறக்குறைய அரை நாளில் சரிசெய்துவிடும். நேரம் ஒருபோதும் பின்னே போகாது, மெதுவாக ஓடும், அவ்வளவே. பழைய ஒத்திசைவுச் சேவையான என்டிபிடி 128 மில்லிநொடிக்கு மேல் பிசகு இருந்தால் தாவிவிடும். 1,000 நொடியைத் தாண்டினால் வேலையை நிறுத்தி வெளியேறிவிடும். நேரச் சேவை ஏன் செத்துக்கிடக்கிறது என்று தேடுபவர்கள் இந்த 1,000 நொடி எல்லையை முதலில் பார்க்க வேண்டும்.

பெரிய பிசகைப் பின்னுக்கே கொண்டுபோக வேண்டிய கட்டாயம் என்றால், தரவுத்தளத்தையும் நேரத்தை நம்பியிருக்கும் சேவைகளையும் முதலில் நிறுத்துங்கள். ஒத்திசைவுச் சேவையையும் நிறுத்துங்கள். பிறகு டேட் -எஸ், உடனே எச்டபிள்யூகிளாக் -டபிள்யூ. ஒத்திசைவைத் திரும்ப ஓடவிட்டு, நேரம் நிலைத்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் தரவுத்தளத்தை எழுப்ப வேண்டும். இந்த வரிசையைக் குலைத்தால் மேலே சொன்னதெல்லாம் நடக்கும்.

டேட் கட்டளையைக் குறைசொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அது மட்டுமே உதவும் தருணங்கள் உண்டு. பேட்டரி தீர்ந்து பல வருடம் பின்னே போன கணினியில் சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று தோன்றும். எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது. இணையப் பெயர்களின் முகவரியைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் சோதனை போட்டிருந்தால் நேர சர்வரின் பெயருக்கு முகவரிகூடக் கிடைக்காது. நேரம் சரியாக இல்லாததால் நேரத்தைக் கேட்கவே வழியில்லாத நிலை. அப்போது கையால் சில நிமிடத் துல்லியத்தில் நேரத்தைக் கொடுத்து, மீதியை என்டிபியிடம் விடுவதே வழி. ஒத்திசைவு பிடித்துவிட்டால் கர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை ஆர்டிசியிலும் எழுதிவிடும்.

2012 ஜூன் 30 முடிவில் லீப் நொடி சேர்க்கப்பட்டபோது கர்னலில் இருந்த ஒரு பிழையால் உலகெங்கும் பல லினக்ஸ் சர்வர்களில் ஜாவா, மைஎஸ்க்யூஎல் நிரல்கள் செயலியை முழுவதும் விழுங்கின. அன்று பலரைக் காப்பாற்றியது, டேட் காட்டும் நேரத்தையே மறுபடி டேட் -எஸ்ஸுக்குக் கொடுத்த ஒரே வரி. நேரம் மாறவில்லை, ஆனால் கடிகாரத்தை வைத்த செயலே கர்னலின் உள் டைமர்களை மறுபடி ஒழுங்காக்கியது. இத்தனை ஆழத்தில் போய்த் தொடும் கட்டளை அது.

அடுத்த கேள்வி பதில் பகுதியில் இரண்டு திருத்தங்களையாவது சேர்க்க வேண்டுகிறேன். மாற்றும் முன் டேட் -யு போட்டுப் பார்க்க வேண்டும்; ஓடும் சர்வரில் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்