பெரியவர்களின் கடலையும் கணக்கில் எழுதுங்கள்

மீன்வளத் துறைகளை நடத்துபவர்களுக்கும், கரையில் நின்று மீன் கணக்கு எடுப்பவர்களுக்கும்,

வணக்கம். இருபது வருடம் வலைப் படகில் பிழைத்தேன். முதுகு விட்டுப்போனதும் தொழிலை நிறுத்தினேன். இப்போது தூண்டிலோடு பாறையில் நிற்கிறேன், ஆசைக்காக. இரண்டு பக்கமும் நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

சமீபத்தில் ஓர் இளைஞர் கணக்கெடுக்க வந்தார். நல்ல பிள்ளை. நேற்று எத்தனை கிலோ, என்ன வலை, எத்தனை மணி நேரம் என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார். பக்கத்தில் எண்பதைத் தாண்டிய எங்கள் படகுப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு கேள்வியும் இல்லை. படிவத்தில் பழைய நினைவுகளுக்குக் கட்டம் இல்லை.

ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் அவர் ஈயக்குண்டின் அடியில் சோப்பைத் தடவிக் கடலடிக்கு இறக்குவார். மேலே வந்ததும் ஒட்டியிருப்பதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார்: சேறா, மணலா, சிப்பித் தூளா. அப்புறம் கரையைத் திரும்பிப் பார்ப்பார். கரையிலுள்ள இரண்டு அடையாளங்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் வந்தால், கீழே பார் இருக்கிறது, அதாவது கடலடிப் பாறைத் திட்டு. நிலவு முற்றும் நாட்களில் களவா மீன்கள் முட்டையிட அங்கே கூட்டமாகச் சேரும். நாங்கள் அள்ளினோம், வருடா வருடம் அள்ளினோம். ஒரு வருடம் கூட்டம் வரவில்லை. அதன்பிறகு வரவே இல்லை. உங்கள் கணக்கு தொடங்கியது அதற்கு அப்புறம்தான். அதனால் அந்தப் பாரில் களவா இருந்ததாகவே எந்தத் தாளிலும் இல்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு தலைமுறை மீன்வள ஆய்வாளர்களும் தாங்கள் முதலில் பார்த்த கடலையே முழுக் கடல் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்று மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எழுதினார். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மீனவர்களிடம் கேட்டு 2005இல் வெளியான ஆய்வில், இளையவர்களைவிட முதியவர்கள் ஐந்து மடங்கு அதிகமான மீன் வகைகள் அருகிவிட்டதாகச் சொன்னார்கள். இளையவர்கள் பொய் சொல்லவில்லை, பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் சிறுத்துக்கொண்டே போகிறது என்று கரையோர மீனவர்கள் 1980களிலேயே முறையிட்டார்கள். 1992 ஜூலையில் அந்தத் தொழிலையே நிறுத்த வேண்டியதாயிற்று. சுமார் 30,000 பேர் வேலையிழந்தார்கள்.

பெரியவர்கள் மிகைப்படுத்துவார்கள் என்பீர்கள். சரி, கொஞ்சம் நீளும்தான். பெரிய மீன்பாடு நினைவில் நிற்கும், வெறும் வலையோடு திரும்பிய நாட்கள் மறந்துபோகும். அதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டில், பொழுதுபோக்காக மீன் பிடித்தவர்கள் பிடித்த மீனோடு எடுத்துக்கொண்ட பழைய புகைப்படங்களை லோரன் மெக்லெனகன் என்ற கடல் ஆய்வாளர் அளந்து பார்த்தார். 1950களின் பிற்பகுதியில் சராசரி மீன் ஏறக்குறைய 20 கிலோ. 2007இல் 2.3 கிலோ. படங்களில் இருப்பவர்களின் சிரிப்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை. எனக்கு நெஞ்சை அடைத்தது அதுதான்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். படிவத்தை விட்டுவிட்டு கடல் வரைபடத்தை விரித்துப் பெரியவர்கள் முன்னால் வையுங்கள். எந்த இடம், எந்த மாதம், எவ்வளவு பெரிய மீன், எந்த வருடத்தோடு நின்றது என்று கேளுங்கள். மீனின் நீளத்தைக் கையால் காட்டினால் அந்தக் கையை அளந்துகொள்ளுங்கள். ஏலக் கணக்கு நோட்டுகளையும், தூண்டில்காரர்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் படங்களையும் கேட்டு வாங்கி நகல் எடுங்கள். தொழில்காரர், பொழுதுபோக்குக்காரர் என்று பிரிக்காதீர்கள். இருவரும் ஒரே பாரின் மேல்தான் நின்றோம்.

எங்கள் பெரியவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் அந்த இரண்டு அடையாளங்களைக் கேட்டால் விரல் நேராக அங்கே போகிறது. காலை நேரத்தில் வாருங்கள், அப்போது நன்றாகப் பேசுவார்.