நர்ஸம்மா நோட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்

பொது சுகாதாரத் துறையின் மதிப்பிற்குரிய உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். துணை சுகாதார நிலையங்களில் பழைய பதிவேடுகளைக் கழித்து அலமாரியைக் காலி செய்யும் வேலை எப்படி நடக்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல. எல்லாம் கணினியில் ஏறிவிட்டது, இனி எதற்கு இந்தக் குப்பை என்கிறார்கள். ஒரு நிலையத்திலிருந்து அப்படிக் 'குப்பை'யாகப் போன நோட்டுகளைப் பற்றியது இந்த மடல்.

அங்கே இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் அண்மையில் காலமானார். குடும்பத்தார் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியில் 'பாசமிகு தாயார், அன்புப் பாட்டி' என்றிருந்தது. ஊரார் தனியாக ஒட்டியதில் 'எங்கள் நர்ஸம்மா' என்று மட்டும். காரியத்துக்கு முன் பேத்தி ஒரு விண்ணப்பத்தோடு நிலையத்துக்குப் போனார். பாட்டி கைப்பட எழுதிய பிரசவப் பதிவேட்டில் ஒரே ஒரு பக்கத்துக்கு நகல் கேட்டார், படத்துக்குப் பக்கத்தில் வைக்க. எந்தப் பக்கம் என்பதும் அவருக்குத் தெரியும்: தான் பிறந்ததை எழுதிய பக்கம். சொந்த மகளின் பிரசவத்தைப் பார்த்துவிட்டு, கையைக் கழுவி வந்து, அதையும் ஊர்ப் பிரசவங்களோடு வரிசை எண் போட்டு ஒரே வரியில் எழுதி வைத்தவர் அந்த அம்மா. பேத்திக்குக் கிடைத்த பதில்: "அதெல்லாம் எடைக்குப் போயிருச்சும்மா."

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். தாய்சேய் நலப் பதிவேடுகளை எடைக்குப் போடாதீர்கள்.

அந்த நோட்டில் என்ன இருந்தது என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எடைக்குப் போட ஒப்பமிட்ட கை அதைப் புரட்டிப் பார்த்திருக்காது என்பதால் சொல்கிறோம். 'கடைசியா எப்ப தூரமான?' என்று மாதவிலக்கு நாளைக் கேட்டால் தேதி சொல்கிற பெண்கள் அன்று குறைவு. "ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துக்குப் போயிட்டு வந்தோம்லக்கா, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு" என்பார்கள். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3 என்றால் இரண்டு நாள் கழித்து ஆகஸ்ட் 5. அதோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி மே 12. ஓரத்தில் பென்சிலில் 'ஆ.பெ. + 2' என்று குறித்தால்தான் அடுத்த முறை வயிற்றின் உயரம் கணக்கோடு ஒத்துப்போகாதபோது, தப்பு தேதியிலா வளர்ச்சியிலா என்று பார்க்க முடியும். கர்ப்பிணியின் உயரம் 145 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் ஆபத்துக்கு அடையாளமாகச் சிவப்பு மை. முதல் பிள்ளை குறைமாதத்தில் போயிருந்தால் சிவப்பு மை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே என்றால் சிவப்பு மையில் இரண்டு கோடு. ஒரு மாத இடைவெளியில் இரண்டு டி.டி. (ரணஜன்னித் தடுப்பு) ஊசி, நூறு இரும்புச்சத்து மாத்திரை. மாத்திரையை வாங்கிவிட்டு விழுங்காதவர்களுக்கு ஒரு கேள்விக்குறி. இதில் எதை ஏற்றியிருக்கிறது கணினி? பிக்மி என்ற கர்ப்பிணிகள் பதிவுக் கணினி முறை வருவதற்கு முந்தைய நோட்டுகளை அதில் யாரும் உட்கார்ந்து ஏற்றவில்லை. ஏற்றியிருந்தாலும் கேள்விக்குறிக்கு அங்கே கட்டம் இல்லை.

1992–93 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பிரசவங்கள் வீட்டில்தான் நடந்தன. 2019–21 கணக்கெடுப்பில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மருத்துவமனையில். இந்த எண்ணை மேடைதோறும் சொல்கிறோம். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி அதை மாற்றியவர்களின் கையெழுத்தைக் கிலோக் கணக்கில் விற்கிறோம்.

உணர்ச்சியை விடுங்கள், பயனுக்கே வருவோம். வீட்டில் பிறந்து, பிறப்பு பதியாமல் விட்டுப்போனவர்கள் இன்று நாற்பது வயதில் சான்றிதழ் கேட்டு அலைகிறார்கள். முதலில் பதிவு இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய, 2023 திருத்தத்துக்குப் பிறகு, ஆட்சியரோ கோட்டாட்சியரோ அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரோ விசாரித்து உத்தரவிட வேண்டும். விசாரணையில் 'ஆதாரம் என்ன?' என்பார்கள். வீட்டில் பிறந்தவருக்கு மருத்துவமனைச் சீட்டு எங்கிருந்து வரும்? பிறந்த சமயத்திலேயே எழுதப்பட்ட ஒரே தாள் பல பேருக்கு நர்ஸம்மாவின் நோட்டுதான். அது ஒரு அலுவலகத்தில் விலை போன பிறகு இன்னொரு அலுவலகம் அதைக் கொண்டு வரச் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. யாருக்குக் கலைந்தது, யார் கணவருக்குத் தெரியாமல் காப்பர்-டி போட்டுக்கொண்டார், யாருக்கு எந்த ஆண்டு கருத்தடை அறுவை நடந்தது என்பதெல்லாம் பெயரோடும் தெருவோடும் அதில் இருக்கிறது. முழு நோட்டாக எடைக்குப் போனால் அது கடலைப் பொட்டலமாக அதே ஊருக்குத் திரும்பி வரும். இருபத்தாறு ஆண்டு அந்த அம்மா வாய் திறக்காமல் காத்ததை ஒரு தராசு அவிழ்த்துவிட்டது.

செவிலியர் தினமான மே 12 வந்தால் மெழுகுவத்தி ஏற்றி நைட்டிங்கேல் அம்மையார் பெயரில் உறுதிமொழி எடுக்கச் சொல்கிறீர்கள், எடுக்கிறோம். விளக்கோடு நோட்டும் தூக்கியவர் அவர். படைவீரர்களின் சாவை எண்ணி அட்டவணை போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தவர், லண்டன் புள்ளிவிவரக் கழகத்தின் முதல் பெண் உறுப்பினர். நல்லவேளை, அவருடைய நோட்டுகள் நம் வட்டாரத்தில் இல்லை. மழைக்கு ஒழுகும் கூரையையும், ஒரே விவரத்தைத் தாளிலும் செயலியிலும் இருமுறை எழுதுவதையும், சிக்னல் தேடி மொட்டை மாடி ஏறுவதையும் பற்றியும் எழுதலாம். அதற்கு வேறு மடல் வேண்டும். கோபம் மரியாதையைத் தாண்டியிருந்தால் பொறுத்தருள்க.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. கர்ப்பிணி, பிரசவம், தடுப்பூசி, தகுதியுள்ள தம்பதியர் பதிவேடுகளையும் பயண நாட்குறிப்பையும் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மருந்து கோரிக்கைப் புத்தகத்தைக் கழிப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அதையும் தாளைத் துண்டாக்கிப் போடட்டும். எடுத்து வைத்தவற்றில் முதலில் குண்டூசிகளைக் கழற்ற வேண்டும், துருதான் தாளைத் தின்னும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டக் கூடாது, சில ஆண்டில் பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துக் கொண்டு போய்விடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பக்க எண் தெரியும்படி நிழல் வெளிச்சத்தில் படம் எடுக்கலாம். வெயிலில் விரித்துக் காய வைக்கக் கூடாது, ஏனென்றால் முதலில் வெளுப்பது சிவப்பு மை, அதாவது ஆபத்தான பிரசவங்கள். பிறகு பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து அரையடி உயர்ந்த தட்டில், சுவரை ஒட்டாமல் படுக்க வைத்தால் போதும். கரையான் சுவர் வழியாகத்தான் வரும்.

இறந்துபோன செவிலியரின் குடும்பம் கேட்டால், பிறர் பெயர்களை மறைத்து ஒரு பக்கத்தின் நகலைக் கொடுக்கவும் ஓர் ஆணை போடுங்கள். பணிவோடு மறுபடியும் கேட்கிறோம்: தாய்சேய் நலப் பதிவேடுகளை எடைக்குப் போடாதீர்கள்.

மேற்படி நிலையத்து நோட்டுகள் எந்தக் கடைக்குப் போயின என்பது விற்ற ரசீதில் இருக்கும். பழைய தாள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து லாரி ஏறும் வரை கடையின் பின்பக்கத்தில்தான் கிடக்கும். நாளைக் காலையிலேயே ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறோம். நீல அட்டை, முதுகில் வெள்ளைத் துணி ஒட்டியது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்கள் சிலர்