மூன்று ஆண்டும் வந்தவர்களுக்கு

இயேசுவில் அன்புள்ள பங்கு மக்களுக்கும், அக்கம்பக்கத்தில் கூடிச் செபிக்கும் அன்பியத்தாருக்கும், எங்கள் தெருவாருக்கும்,

என் மனைவியின் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலியன்று நன்றி சொல்ல எழுந்து நின்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் இந்த மடல்.

2022 மே 15 அன்று, வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் நம் தேவசகாயத்தைப் புனிதர் என்று அறிவித்தபோது நாங்கள் இருவரும் டிவி முன் உட்கார்ந்திருந்தோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த ஆகஸ்டில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று.

முதல் மாதம் வீட்டில் நிற்க இடமில்லை. வந்து பார்த்த அத்தனை பேருக்கும் நன்றி. ஆனால் என் மனம் நிறைந்து நிற்பவர்கள், இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் வந்தவர்கள்.

பங்குத்தந்தை அவர்களே, மாதத்தின் முதல் வெள்ளி ஒன்றுகூடத் தவறாமல் அவளுக்கு நற்கருணை கொண்டுவந்தீர்கள். முதுகில் படுக்கைப்புண் வந்தபோது இரண்டு மாதம் தினமும் கட்டு மாற்றிய அருட்சகோதரி, ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ஞாயிறுதோறும் அவளைத் தூக்கி உட்காரவைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோன ஆட்டோ தம்பி, வாடகை என்று ஒரு ரூபாய் வாங்கவில்லை. எதிர்வீட்டு அக்கா நம் மதத்தவர் அல்ல. ஆனாலும் அவர் கொடுத்தனுப்பும் கஞ்சி இல்லாமல் எங்களுக்குக் காலை விடிந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை செபமாலைக்கு வந்த அன்பியத்துப் பெண்களுக்கு என்ன சொல்வேன்? ஒருநாள் நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கையில், என் பெயரைக்கூடச் சொல்ல முடியாதவள், “அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே” என்று தொடங்கி, “மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்” வரை பிசகாமல் சொன்னாள். சின்ன வயதில் அவள் பாட்டி சொல்லிக்கொடுத்த பழைய செபம். பேச்சு போனவர்களுக்கும் மனப்பாடமான செபமும் பாட்டும் சில சமயம் வாயில் வரும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். அதன்பின் செவ்வாய் மாலைக்காகவே நான் வாரம் முழுவதும் காத்திருந்தேன்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டில் ஓர் இரவு, மூன்றாவது முறை துணி மாற்றும்போது அவள்மேல் கத்திவிட்டேன். அவள் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டாள். மறுநாள் நம் கோயில் உபதேசியாரிடம் போய், “இனி என்னால் முடியாது, எங்கேயாவது இல்லத்தில் சேர்த்துவிடுகிறேன்” என்றேன். அவர் புத்திமதி சொல்லாமல் என்னைத் தேவசகாயம் உயிர்விட்ட காற்றாடிமலைக்கு அழைத்துப்போனார்.

பாறையில் உட்கார்ந்து அவர் சொன்னது அப்படியே மனதில் நிற்கிறது. தேவசகாயம் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலில் இருந்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749-இல் பிடித்தார்கள். எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப்போனார்கள்; அடித்த புண்ணில் மிளகாய்த்தூள் பூசினார்கள்; பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள். இந்த மலையில் சுட்டுக் கொன்றது 1752 ஜனவரி 14 அன்று. “நடுவில் ஆயிரம் காலை விடிந்திருக்கிறது. ‘இந்த விசுவாசத்தை விட்டுவிட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்தக் காலையிலும் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் ஒவ்வொரு காலையும் புதிதாகச் சம்மதித்தார். நீயும் நாளைக் காலைக்கு மட்டும் சம்மதி” என்றார்.

திருமணத்தன்று “இன்பத்திலும் துன்பத்திலும் பிரமாணிக்கமாயிருப்பேன்” என்று சொன்னபோது அந்தச் சொல்லின் எடை எனக்குத் தெரியாது. இறங்கி வரும் வழியில் நான் நினைத்தது தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூ அம்மாளைத்தான். கணவன் கட்டுண்டு கிடந்த அத்தனை நாளும் அந்த அம்மாளுக்கும் காலை விடிந்திருக்கும். வீட்டுக்கு வந்து, என் மனைவியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவள் என் தலையைத் தடவினாள்.

அதற்குப்பின் ஏழு மாதம் இருந்தாள். குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் பெற்று, நீங்கள் சுற்றி நின்று செபிக்கையில் போனாள்.

சக்கர நாற்காலியும் தண்ணீர் மெத்தையும் வின்சென்ட் தே பால் சபையாரிடம் கொடுத்திருக்கிறேன். தேவைப்படுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டு மாற்றவோ இரவில் துணைக்கு இருக்கவோ ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். இப்போது எனக்கு அந்த வேலை தெரியும். செவ்வாய் செபமாலையை வேறு வீட்டுக்கு மாற்றவேண்டாம். பாய் விரித்து வைத்திருப்பேன்.

உங்கள் நன்றி மறவாத சகோதரன்