பழைய சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் போடாதே, மாப்ளே

மதுரை
22.1.2026

அன்புள்ள மாப்ளைக்கு,

நலம். நீயும் என் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. வீடு நிறைய ஆள் இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. கோயம்புத்தூர்ப் பேரன் அவனியாபுரம் ஜல்லிக்கட்டை நேரில் பார்த்தே தீருவேன் என்று நின்றான். அந்தக் கூட்டத்தில் போய் நிற்க என் முழங்கால் சம்மதிக்குமா? டிவியில் காட்டிச் சமாளித்தோம். உன் தங்கச்சிக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. பொங்கலன்று மட்டும் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சரி, உன் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் "இது செத்துப்போச்சு சார், புதுசு 55 ஆயிரம் ஆகும், பழசுக்கு ரெண்டாயிரம் கழிச்சுக்கிறேன்" என்றார் என்று எழுதியிருக்கிறாய். செத்தெல்லாம் போகவில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன, அவ்வளவுதான். மிஷின் முந்தின நாள் ஓடினது போலவே மறுநாளும் ஓடும். இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. நீ அந்த மிஷினில்தான் பென்ஷன் கணக்கையும் பேங்க் கணக்கையும் பார்க்கிறாய் என்பதால் இதை அலட்சியமாக விடவும் முடியாது.

விண்டோஸ் 11 ஏன் ஏறவில்லை என்று கேட்டிருந்தாய். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். உன்னுடையது 2014-ல் வாங்கிய நான்காம் தலைமுறை ஐ3. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று பையன்கள் சொல்வார்கள். ஏற்றவும் முடியும்தான். ஆனால் மைக்ரோசாஃப்டே பொறுப்பில்லை என்று கைவிரித்த மிஷினில் அப்டேட் எப்போது நிற்குமோ என்று பயந்துகொண்டே இருப்பது நம் வயதுக்குத் தேவையா?

முதலில் இன்றைக்கே ஒரு வேலை செய். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியைத் திற. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யச் சொல்லி ஒரு இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அதோடு ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் காசு கிடையாது. அப்படி வேண்டாம் என்றால் 30 டாலர் கேட்பார்கள். எப்படியும் 2026 அக்டோபர் 13 வரை தாக்குப்பிடிக்கலாம். ஆக, கடைக்காரர் சொன்ன "உடனே" என்பதை மறந்துவிடு. இன்னொன்று, ஏஐ கம்பெனிகள் டேட்டா சென்டர்களுக்கு மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் போன வருஷக் கடைசியில் ரேம் விலை எகிறிவிட்டது. அவசியமில்லாமல் புது மிஷின் வாங்க இது நல்ல நேரமே இல்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். எந்த ஓஎஸ் (விண்டோஸ், மேக், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) நல்லது என்று நாலு பக்கம் கேட்டிருக்கிறாய். உன் சிஸ்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்குத் தெரியுமே! 1999-லிருந்து ஊர் ஊராகப் போய் நீ சேகரித்த தாலாட்டு, ஒப்பாரி, கோயில் கொடைப் பாட்டுகள். பாதி என் டிடிபி சென்டரில் அடித்தது, பாதி நீயே வீட்டில் அடித்தது. அத்தனையும் யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தின எழுத்துருக்களில் கிடக்கிறது.

பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பைப் பற்றி உனக்கு நான் விளக்கத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். திரையில் "தமிழ்" என்று தெரிகிறதே, கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருப்பது அதை இல்லை. ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தை வரைந்து ஒட்டியதுதான் அந்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத மிஷினில் திறந்தால் ஒப்பாரி முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். தேடினால் கிடைக்காது, போனில் அனுப்பினால் எதிராளிக்குப் புரியாது. என் கடையில் வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப் என்று வாடிக்கையாளருக்கு ஒரு எழுத்துரு வகை வைத்திருந்தோம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் இரண்டையும் தரமாகச் சொன்னது. 2010-ல் யூனிகோடுதான் என்று ஆணை வந்தது. அதற்குள் நம் ஆட்கள் லட்சக்கணக்கான பக்கங்களை அடித்து முடித்திருந்தார்கள். அந்தப் பக்கங்களின் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

ஆகவே நீ சிஸ்டத்தை மாற்றும் முன் கோப்புகளை மாற்றியாக வேண்டும். இப்போது இருக்கும் விண்டோஸ் 10-லேயே செய்துவிடு. அந்த எழுத்துருக்கள் எல்லாம் அதில்தானே பதிந்திருக்கின்றன. பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றித்தர என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது, இணையத்தில் சுரதாவின் பொங்குதமிழ் இருக்கிறது. எந்த எழுத்துருவில் அடித்தது என்று சரியாகச் சொல்ல வேண்டும், அது முக்கியம். பாமினிக்கு ஒரு அட்டவணை, டாமுக்கு வேறு. பெயர் மறந்துபோயிருந்தால் எழுத்துருவை மாற்றிப் பார். வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் பெரும்பாலும் பாமினி வகை. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் டாம், டாப், டிஸ்கி இவற்றில் ஒன்று. பாட்டுக்கு நடுவே நீ ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகளைக் கவனித்துக்கொள். பாமினி என்றால் கன்வர்ட்டர் அவற்றையும் தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும். எனவே மாற்றியதை மூலத்தோடு வைத்து ஒருமுறை படித்துப் பார்க்காமல் விடாதே. மூலத்தையும் அழித்துவிடாதே.

புத்தகப் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரில் செய்த கோப்புகள்தான் கஷ்டம். 2001-ல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் டிரா என்று ஒன்று இருக்கிறது, அது பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும். பக்கம் அச்சு அசலாக வரும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன், வாசகத்தை எடுத்துக்கொண்டால் போதும் அல்லவா? உன் மிஷினில் பேஜ்மேக்கர் இன்னும் ஓடுகிறது என்றால் அதிலேயே திறந்து பிடிஎஃப் ஒன்றும் வாசகம் ஒன்றுமாக எடுத்து வைத்துக்கொள்.

அப்புறம் சிடிகள்! புது டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலும் சிடி டிரைவே கிடையாது. நீ எரித்து வைத்த சிடிகளைப் படிக்க உன் வீட்டில் இருக்கிற ஒரே வழி அந்தப் பழைய பெட்டிதான். ரெண்டாயிரம் ரூபாய்க்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு சிடி டிரைவ் தேடி அலைவாயா? எழுதின சிடி காலம் போகப் போகப் படிக்க மறுக்கும். அதனால் முதலில் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்கு, பிறகு அதற்கு இன்னொரு பிரதி எடுத்து மகன் வீட்டில் கொடுத்து வை.

இத்தனையும் முடிந்த பிறகு ஓஎஸ் கேள்வி தானாகச் சின்னதாகிவிடும். யூனிகோடுக்கு வந்த எழுத்து எங்கே வைத்தாலும் எழுத்துதான்.

மேக் பற்றிக் கேட்டிருந்தாய். மேக் மினி இங்கே வந்தபோது 59,900 ரூபாய் சொன்னார்கள், மானிட்டரும் கீபோர்டும் தனி. தமிழுக்கு அருமையான மிஷின், அஞ்சல், தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறைகள் உள்ளேயே இருக்கின்றன. ஆனால் உனக்கு எதற்கு? பாட்டு எழுதவும் மெயில் பார்க்கவும் அவ்வளவு பெரிய செலவு வேண்டாம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் டெஸ்க்டாப்புகளை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் துடைத்து விற்கிறார்கள். எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட ஆப்டிப்ளெக்ஸ், திங்க்சென்டர் மாதிரி மிஷின்கள். மகன் சென்னை போனபோது ஒன்று வாங்கி வந்தான். விண்டோஸ் 11 முறையாக ஏறுகிறது. மருமகளின் ஜிஎஸ்டி வேலைக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டும், அவளுக்கு அது போதும். அப்படி வாங்கினால் பிராசஸர் எண்ணை நீயே திரையில் பார்த்துவிட்டுப் பணம் கொடு. ஐ5 என்று மட்டும் சொல்வார்கள், தலைமுறையைச் சொல்ல மாட்டார்கள்.

என் பழைய மிஷினில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதம் அதில்தான் அடிக்கிறேன். லினக்ஸ் எல்லாம் இன்ஜினியர்களுக்கு என்று நீ எழுதியதைப் படித்துச் சிரிப்பு வந்தது. உன் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸின் கெர்னல் என்ற மையப் பகுதிதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது சென்னையில் இருக்கும் சிடாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் அதைத் திறந்து பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாவிட்டால் எது இருந்து என்ன?

மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. திரை ஏறக்குறைய நீ பழகிய விண்டோஸ் மாதிரிதான், கீழே இடது மூலையில் மெனு. வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ். விண்டோஸின் லதா எழுத்துருவில் அடித்த கோப்பைத் திறந்தால் அங்கே லதா இருக்காது, நோட்டோ மாதிரி வேறு எழுத்துரு வரும். வரி உடைவது மாறும், எழுத்து மாறாது. நீ தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன், கை அந்த விசைப்பலகையை விடாது என்று தெரியும். மின்டில் ஐபஸ், எம்17என் என்ற இரண்டு மென்பொருள்களையும் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் மாதிரி ஒலிபெயர்ப்பு முறை, டைப்ரைட்டர் மூன்றும் கிடைக்கும். டைப்ரைட்டர் முறையில் ஒன்றிரண்டு விசைகள் உனக்குப் பழகியதிலிருந்து தள்ளி இருக்கலாம், அடித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எனக்குச் சந்தேகம் உன் பிரிண்டர் மேல்தான். பழைய லேசர் பிரிண்டர்களில் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் படுத்தி எடுக்கும். அதனால் எதையும் அழிக்காமல் முதலில் சோதித்துவிடலாம். மின்டை ஒரு 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். ஹார்ட் டிஸ்கில் இருக்கும் விண்டோஸை அது தொடாது. பிரிண்டர், வைஃபை, ஸ்பீக்கர், தமிழ் விசைப்பலகை நான்கையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் பென் டிரைவைப் பிடுங்கிவிடு. பென் டிரைவில் ஓடும்போது கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதே.

பிடித்துப்போனால் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அப்படியே பத்திரமாக வைத்துவிட்டு, ஒரு எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) வாங்கிப் போட்டு அதில் மின்டை ஏற்று. 4 ஜிபி ரேம்தான் இருக்கிறது என்றால் 8 ஆக்கு, உன் மிஷினுக்குப் பழைய டிடிஆர்3 ரேம் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். கடைக்காரர் சொன்ன 55 ஆயிரத்தில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். பிரிண்டர் ஒத்துவரவில்லை என்றால் என்னைப்போல் பழைய ஆபீஸ் மிஷின் ஒன்று வாங்கி விண்டோஸ் 11-ல் இரு, அதுவும் தப்பில்லை. உன் மருமகனின் டேலிக்காக நீ மிஷின் வாங்க வேண்டாம் என்பது மட்டும் என் கருத்து. அவருக்கு லேப்டாப் இருக்கிறதே.

பிராசஸர் பெயர், ரேம் எவ்வளவு, பிரிண்டர் மாடல் எண், இந்த மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பு. பென் டிரைவை நான் தயார் செய்து வைக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்குத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாயே, சிடிகளில் படிக்காதது ஏதாவது இருந்தால் அப்போது கொண்டு வா, இங்கே வேறு டிரைவில் போட்டுப் பார்ப்போம். கூரியரில் மட்டும் அனுப்பாதே.

அன்புடன்,
உன் மாப்ளே