காம்பியா வழக்குத் தொடுத்தது தற்செயல் அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். ரோஹிங்கியா முஸ்லிம்களை மியான்மர் இனப்படுகொலை செய்தது என்று மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியா தொடுத்த வழக்கு பற்றிய உங்கள் கட்டுரையில், அந்நாட்டின் அப்போதைய நீதித்துறை அமைச்சர் அபுபக்கர் தம்பாது அகதி முகாமைப் பார்த்து மனம் கலங்கியதால்தான் வழக்கே பிறந்தது என்ற தொனி இருக்கிறது. வெளியுறவு அமைச்சர் போக முடியாமல் போனதால், 2018 மே மாதம் டாக்காவில் நடந்த இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் மாநாட்டுக்குத் தம்பாது போனதும், அப்படியே வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாமுக்குச் சென்றதும் உண்மை. ஆனால் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் முதல் கேள்வியே, வழக்குப் போட உனக்கு என்ன உரிமை என்பதுதான்.

இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு, உறுப்பு நாடுகளின் தகராறை சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழிவிடுகிறது. லட்சக்கணக்கான அகதிகளைத் தாங்கிநிற்கும் வங்கதேசமே ஏன் வழக்குப் போடவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். அந்தப் பிரிவு தன்னை அப்படியே கட்டுப்படுத்தாது என்று அது விலக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உடன்படிக்கையில் சேர்ந்தது. (இந்தியாவும் அப்படித்தான்.) 1956-இல் ஏற்ற மியான்மர் வேறு பிரிவுகளுக்கு விலக்குக் கேட்டது, 9-ஐத் தொடவில்லை. 1978-இல் சேர்ந்த காம்பியாவுக்கும் விலக்கு இல்லை. 2019 நவம்பர் 11 அன்று மனு தாக்கலானது. 2020 ஜனவரி 23-இல் இடைக்கால உத்தரவு ஒருமனதாக வந்தது: மியான்மர் நான்கு மாதத்தில் ஓர் அறிக்கை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று தர வேண்டும். ‘பாதிக்கப்படாத காம்பியா எப்படி வழக்காடலாம்?’ என்ற மியான்மரின் ஆட்சேபம் 2022 ஜூலையில் 15-க்கு 1 என்று தள்ளுபடியானது.

இதைக் கையாளும் பயிற்சி அந்த நாட்டில் ஏற்கெனவே இருந்தது. 1984 முதல் 1994 வரை காம்பியாவின் நீதித்துறை அமைச்சராக இருந்த ஹசன் ஜாலோ, பிறகு ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்தின் தலைமை வழக்குரைஞரானார். தம்பாது அங்கே அவருக்கு உதவியாளராக வேலை பார்த்தவர். 1998 முதல் 2000 வரை அதே அமைச்சர் பதவியில் இருந்த ஃபாத்து பென்சூடாதான் 2012-இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்குரைஞரானார்.

இன்னொரு திருத்தம். அட்டர்னி ஜெனரலும் நீதித்துறை அமைச்சரும் இரண்டு பேர் என்று அச்சாகியிருக்கிறது. காம்பியாவில் ஒருவரே இரண்டும். கோளாறும் அதில்தான். குற்ற வழக்குகளுக்குப் பொறுப்பான அதே ஆள், தன்னை நினைத்தபோது நீக்கக்கூடிய அதிபரின் அமைச்சரவையிலும் உட்கார்ந்திருப்பார். 2000 ஏப்ரலில் ஊர்வலம் போன மாணவர்களைச் சுட்ட பாதுகாப்புப் படையினர் மீது வழக்கு வரவில்லை. 2001-இல், அவர்களை வழக்கிலிருந்து காப்பாற்றும் முன்தேதியிட்ட சட்டம்தான் வந்தது. முன்னாள் அதிபர் யாஹ்யா ஜாமே காலத்துக் குற்றங்களை விசாரிக்கத் தனிச் சிறப்பு வழக்குரைஞர் அலுவலகத்துக்கு 2024-இல் சட்டம் போட்டதும், அந்த ஆண்டு டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்போடு சேர்ந்து சிறப்புத் தீர்ப்பாயம் அமைக்க முடிவானதும் இந்தப் பின்னணியில்தான். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

– வாசகர், திருச்சி