கொசுறுக் குருவி

ஸ்தோத்திரம் மக்கா, சொகமா இருக்கியா? அம்மைக்கு முட்டுவலி கொறஞ்சுதா? இங்க மும்பையில மழை விட்டபாடில்ல, சயான் பக்கம் தண்டவாளம் முங்குனா அன்னைக்கு ஆபீசும் அவ்வளவுதான்.

இந்த வருஷம் அப்ரைசல்ல என் கதை நாறிப்போச்சு லே. உனக்கு நீயே மார்க் போடுன்னு ஒரு ஃபார்ம் வரும்ல, அஞ்சுக்கு ரெண்டு போட்டேன், நம்மள நாமளே புகழக்கூடாது, மேனேஜரு பாத்து கூட்டிப் போடுவாருன்னு ஒரு நெனப்பு. அவரு அந்த ரெண்டையே அப்படியே ஓகே பண்ணி அனுப்பிட்டாரு! எனக்குப் பிந்தி சேந்த பையன் நாலரை போட்டான், அவனுக்கு இன்க்ரிமென்ட். தாழ்மையா இருந்தேன்னு வீட்ல சொன்னா இவ சிரிக்கா, "தாழ்மைன்னா எதுக்கு மூணு நாளா மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கீங்க"ன்னு. என்னத்த சொல்ல.

சனிக்கிழம தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டுல காய் வாங்கப் போனேன், திருநெல்வேலிக்கார அக்கா ஒருத்தங்க எல்லாத்தையும் நிறுத்துப் போட்டுட்டு ஈரச்சாக்குக்குள்ள கைய விட்டு, வேர்ல மண்ணு ஒட்டுன மல்லித்தழை ஒரு கொத்து எடுத்து பையில திணிச்சாங்க, கொசுறு. டக்குனு பைபிள்ல வர்ற குருவி ஞாபகம் வந்துட்டு. மத்தேயு 10ல ஒரு காசுக்கு ரெண்டு அடைக்கலான் குருவி, லூக்கா 12ல ரெண்டு காசுக்கு அஞ்சு. கணக்குப் பாத்தா நாலுதான வரணும்? அஞ்சாவது கொசுறு மக்கா! வெலையே இல்லாத குருவி, அதையும் தேவன் மறக்கமாட்டாருங்காரு இயேசு. சண்டே ஸ்கூல்ல வசனம் ஒப்பிச்சு பிரைஸ் எல்லாம் வாங்குனோம், இந்தக் கணக்கு மட்டும் மண்டையில ஏறல பாரு.

ராத்திரி யோவான் 13 எடுத்து வாசிச்சேன். இயேசு துண்டக் கட்டிக்கிட்டு சீஷங்க கால் கழுவுறதுக்கு முந்தி ஒரு வசனம் கெடக்கு, நாம அத தாண்டி நேரா துண்டுக்குப் போயிருவோம். பிதா எல்லாத்தையும் தன் கையில குடுத்துட்டாரு, தேவன்ட்ட இருந்து வந்தேன், அவருட்டயே போறேன்னு தெரிஞ்சுதான் எந்திரிச்சு துண்டக் கட்டுறாரு. தான் யாருன்னு தெரிஞ்சவருதான் குனியறாரு. பேதுரு ஒருத்தன், என் கால நீரு கழுவவே கூடாதுன்னு பெரிய தாழ்மை காட்டி வாங்கிக் கட்டிக்கிட்டான்.

நீயும் பேதுரு கேஸ்தான். சர்ச் பாட்டுக்குழுவ லீட் பண்ணக் கூப்ட்டதுக்கு "நான் ஒரு புழு"ன்னு சொல்லிட்டு வந்தேன்னு எழுதிருந்தியே, அது தாவீதோட சங்கீதம் 22, பாடுபடுறவன் கதறுறது லே, வேலையத் தட்டிக்கழிக்கச் சொன்னதில்ல. 139ல பிரமிக்கத்தக்க அதிசயமா என்னை உண்டாக்கினீருன்னு அதே தாவீது பாடுறாரே, அது மட்டும் உனக்குக் கண்ணுல படாதாக்கும்.

டிசம்பர்ல நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சு. கேரல் ரவுண்ட்ஸ்ல நீ முன்னால நிக்கல, உங்கூட பேசமாட்டேன். வரும்போ என்ன வேணும்னு சொல்லு, போன தடவ மாதிரி "ஒண்ணும் வேண்டாம்"னு எங்கிட்ட சொல்லிட்டு அம்மைட்ட லிஸ்ட் குடுத்து விடாத.