அம்மாவுக்கு எந்த இடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் மணமகள் தேவைக்கு அடுத்தபடியாக இப்போது இடம் பிடிப்பவை 'முதியோருக்கு 24 மணிநேரத் தாதியர் பராமரிப்பு' என்ற விளம்பரங்கள்தான். அப்படி ஒன்றை வெட்டியெடுத்துத்தான் என் பெரியண்ணன் எங்கள் அம்மாவுக்கு இடம் பார்த்தார். அதில் நாங்கள் விட்ட பிழை இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 76 வயது. கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் 33 வருடம் கொழுந்து பறித்தவர். சேமலாப நிதிப் பணம் அக்காவின் கல்யாணத்தோடு முடிந்தது. போன வருட ஆடி மழையில் லேசான பாரிசவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. கால் சற்று இழுத்தது. ஆனாலும் கம்பை ஊன்றி நடந்தார், தானே சாப்பிட்டார், பேச்சு தெளிவாக இருந்தது. எங்கள் லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) கழிவறை பதினொரு படி கீழே. நான் தையல் கடைக்குக் காலை ஏழரைக்குப் புறப்பட்டால் வீடு திரும்ப இருட்டிவிடும். நனைந்த படியில் அம்மா இரண்டாவது தடவை விழுந்த பிறகுதான் வெளியே ஓர் இடம் பார்ப்போம் என்று பேச்சு வந்தது.

'முதியோர் இல்லம்' என்று நான் வாயெடுத்ததும் கட்டாரிலிருக்கும் தம்பி தொலைபேசியிலேயே சீறினான். "பெற்ற தாயை அநாதை மடத்தில் விட்டோம் என்று ஊர் சொல்லும். நான் எந்த முகத்தோடு லீவில் வருவது?" நர்சிங் ஹோம் என்றால் பேச்சே வேறு. அம்மா சிகிச்சையில் இருக்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கள் ஆராய்ச்சி அவ்வளவுதான். அம்மாவுக்கு எது வேண்டும் என்று அம்மாவைக்கூட யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு எது கௌரவம் என்றுதான் பார்த்தோம். நானும் தலையாட்டினேன்.

கண்டிப் பக்கம், மாதம் 90,000 ரூபாய். மூன்று பேர் பங்கு போட்டோம். இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். தரை பளபளத்தது, ஒட்சிசன் சிலிண்டர் இருந்தது, தாதிமார் நேரம் தவறாமல் பிரஷர் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் போனபோது கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளும் உயர்த்தியிருந்தன. அம்மாவுக்குப் பெம்பர்ஸ் கட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். இரவில் கழிவறைக்குப் போக வேண்டும் என்று அம்மா தமிழில் கூப்பிட்டிருக்கிறார். அங்கே இருந்தவர்களுக்குப் புரியவில்லை. தானாக இறங்கப் பார்த்திருக்கிறார். விழுந்துவிடுவார் என்று பயந்து கம்பியைத் தூக்கிவிட்டார்கள். அங்கிருந்த மற்ற எல்லோரும் படுக்கையில் கிடப்பவர்கள். அப்படிப்பட்டவர்களைப் பார்க்கவே பழகிய இடத்தில் நடக்கக்கூடிய ஒருத்தியைக் கொண்டுபோய்ப் போட்டது நாங்கள். நான்கு மாதத்தில் அம்மாவின் கால்கள் சூம்பிப்போய்விட்டன. கம்பு கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்தது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. எங்கள் லயத்திலேயே ஒரு தாத்தா. மூக்கு வழியே குழாயில்தான் சாப்பாடு, சிறுநீருக்கும் குழாய். செலவு குறைவு என்று சாதாரண முதியோர் இல்லத்தில் விட்டார்கள். அங்கே சமைத்துப் போட, துணி துவைக்க, கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆளிருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உடம்பைப் புரட்டிவிட, அதுவும் ராத்திரியில், ஆளில்லை. முதுகில் படுக்கைப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருக்குத்தான் நர்சிங் ஹோம் வேண்டியிருந்தது.

ஆகவே இடம் பார்க்கப் போகுமுன் கிளினிக்கில் டொக்டரிடம் கேளுங்கள்: தானே எழும்புவாரா, விழுங்குவாரா, குழாயோ புண்ணோ ஊசியோ தினமும் பார்க்க வேண்டியிருக்கிறதா? அதைக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். போன இடத்தில் தரையைப் பார்க்காதீர்கள், எங்களைப் போல. இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள், அவர்களில் தமிழ் தெரிந்தவர் யார், நிலைமை மோசமானால் வைத்துப் பார்ப்பீர்களா அல்லது ஒரு வாரத்தில் கூட்டிப்போகச் சொல்வீர்களா என்று கேளுங்கள். மலையகத்து ஆட்களுக்கு அந்த இரண்டாவது கேள்வி மருந்தைவிடப் பெரியது.

பதிவையும் பாருங்கள். முதியோர் இல்லங்களுக்கு 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. (பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான். தம்பிக்கு அனுப்பினேன், பதிலில்லை.) நர்சிங் ஹோம்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இரண்டும் வேறு வேறு பதிவு. முதல் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு 'தாதியர் பராமரிப்பு' என்று பலகை போட்டிருந்தால் அந்தத் தாதியின் தகுதி என்ன என்று கேட்க உங்களுக்கு வாயிருக்க வேண்டும்.

இப்போது அம்மா ஹட்டனுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பழையபடி நடை வரவில்லை. இரண்டு பேர் பிடித்தால் திண்ணை வரை வருகிறார். அங்கே உட்கார்ந்து ஒற்றைக் கையால் கீரை ஆய்கிறார். போன ஞாயிறு சமையலறைப் பிள்ளையை அதட்டிக்கொண்டிருந்தார்: "முற்றலைப் போடாதே, நிறுவையில் கழித்துவிடுவார்கள்." தம்பி ஊரில் இன்னும் நர்சிங் ஹோம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விளம்பரங்களை வாங்கும்போது எந்தச் சட்டத்தின் கீழ் என்ன பதிவு எண் என்பதையும் கேட்டுப் போடுங்கள். ஒரு வரி போதும். விளம்பரத்தில் வரும் ரோஜாத் தோட்டத்துப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொட்டகலை